ஓங்கோல் கண்ட ஜான் எவரெட் கிளஃப்

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வெளிவரும் இந்நன்னாளில், நம் சமுதாய இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவரது வாழ்வைச் சுருங்கக் கூற விழைகின்றோம். அவர் அமெரிக்க பாப்திஸ்து ஊழியர் ஜான் எவரெட் கிளஃப் ஆவார்.

கிளஃப் 1836-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையில் நில அளவைப் பணி பயின்றார். 1865-இல் இந்தியா வந்து, மறு ஆண்டு ஓங்கோலில் குடியேறினார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

அங்கே அவரை முதலில் நாடி வந்தவர்களுள் யர்ரகுண்ட்ல பேரய்யா என்பவர் குறிப்பிடத்தக்கவர். தோல் தொழில் செய்யும் மாதிகர் குலத்தவர்; மெய்ப்பொருளைத் தேடி முன்னரே குருவை அடுத்து யோக நெறி பயின்றவர். 1866-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். மாதிகரைச் சேர்த்தால் தாங்கள் வாரோம் என்று உயர்சாதியினர் கூறியபோது, கிளஃப் மாதிகரைக் கைவிடவில்லை. உயர்சாதியினரே விலகினர்.

பாப்திஸ்து சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதில்லை. ஒருவர் தம் பாவத்தை உணர்ந்து, மனம் வருந்தி, உள்ளத்தில் புதுப்பிறப்பு எய்திய பின்னரே நீரில் மூழ்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆயின், அப்பிறப்பு நிகழ்ந்ததை அறிவது எவ்வாறு? எழுத்தறியாத ஏழை தன் உள்ளத்து அனுபவத்தை நூல் கற்றவரைப் போல் விவரிக்க இயலுமா? கிளஃப் மூன்று விதிகளை முன்வைத்தார்: ஞாயிறு வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் இறைச்சி உண்ணலாகாது, சிலை வணக்கம் கூடாது. இவை எளியன போல் தோன்றினும், ஊர்ப்பணிக்குக் கட்டுப்பட்டிருந்த மக்களுக்கு ஊராரின் பகையைத் தேடித் தந்தன. அப்பகையைத் தாங்கி நின்றதே அவர்தம் மனமாற்றத்திற்குச் சான்றாயிற்று.

1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நிலவியது. கிளஃப் பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியை ஒப்பந்தம் எடுத்து, பசித்த மக்களுக்கு வேலையும் கூலியும் அளித்தார். கஞ்சிக்காகச் சேர்ந்தனர் என்னும் பழி வாராதிருக்க, நிவாரணப் பணி நடந்த 15 மாதங்கள் எவருக்கும் ஞானஸ்நானம் அளிக்கவில்லை. உதவி நின்ற பின்னும் மக்கள் வந்தனர். தாங்கள் பொருள் கேட்டு வரவில்லை எனக் கூறினர். ஊர் தோறும் அவர்களை அறிந்திருந்த உபதேசியார் பெயர்ப் பட்டியலுடன் வந்து விசாரித்தனர். 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அதை அளித்தவர்கள் ஆறு இந்தியப் போதகர்கள். இருவர் இருவராக மாறி மாறி நீரில் நின்றனர்.

இத்துணை பேருக்கும் ஒரே நாளில் பாவ உணர்வு உண்டாயிற்றா என்று அமெரிக்காவிலும் இங்கும் பலர் ஐயுற்றனர். அவ்வையம் முற்றிலும் தவறென்று நாம் கூறோம். அனைவரும் நிலைத்து நின்றனர் எனவும் கூற இயலாது. அத்துணை பேருக்குக் கற்பிப்பது பெருஞ்சுமையாயிற்று. எனினும், செல்வர் தனித்து வந்தால் ஐயுறாத உலகம், ஏழைகள் கூடி வந்தால் மட்டும் ஐயுறுவது ஏன் என்று நாம் கேட்க வேண்டும். வறுமையும் சாதியும் சுமத்திய இழிவு வேறு. மனிதன் தானே உணரும் குற்றம் வேறு. முன்னதற்கு நாம் நாணத் தேவையில்லை. பின்னதை உணர்ந்து திருந்துவோர்க்கே புதுவாழ்வு உண்டு.

கிளஃப் பள்ளிகளை வளர்த்து, நாற்பதாண்டு காலம் உழைத்து, 1910-இல் அமெரிக்காவில் காலமானார்.

2024 ஜூன் மாதம் கள்ளச்சாராயம் நம் கருணாபுரத்தில் விளைத்த பேரிழப்பை நாம் மறவோம். அப்போது இறந்தோரையே பழித்தவர் உண்டு. பழிச்சொல் எவரையும் திருத்தியதில்லை. வேலையும் கல்வியும் அளித்து, மனம் திரும்புவோரை நம்பி உடன் நிற்பதே திருத்தும் வழியாகும். எம்மதத்தவராயினும் நம் இளைஞர்கள் இவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்கது இதுவே.