கியோம் டுஷேன்

கியோம் பெஞ்சமின் அமான் டுஷேன் (செப்டம்பர் 17, 1806 - செப்டம்பர் 15, 1875) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். பிறந்த ஊரின் பெயரைச் சேர்த்து டுஷேன் டெ புலோன் என்றும் இவர் அழைக்கப்படுகின்றார். மனித முகத்தில் உணர்வுகள் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதைச் சோதனை மூலம் ஆராய்ந்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். நரம்பியல் துறையை உருவாக்கியவர்களுள் ஒருவராகவும் கருதப்படுகின்றார்.

வாழ்க்கை

டுஷேன், வட பிரான்சின் கடற்கரை நகரான புலோன்-சுர்-மேரில், பல தலைமுறைகளாகக் கடல் தொழிலில் ஈடுபட்டு வந்த குடும்பத்தில் பிறந்தார். மகனும் கடலோடியாக வேண்டும் என்று தந்தை விரும்பினார். ஆனால் டுஷேன் மருத்துவக் கல்வியைத் தேர்ந்தெடுத்து, பாரிசில் பயின்று 1831 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர் சொந்த ஊருக்குத் திரும்பி மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

அதே ஆண்டில் இவருக்குத் திருமணம் நடந்தது. இரண்டு ஆண்டுகளில், மகனைப் பெற்றெடுத்த பின்னர் மனைவி காய்ச்சலால் இறந்தார். பிரசவத்தின்போது டுஷேன் மட்டுமே உடனிருந்ததால், மனைவியின் குடும்பத்தார் அவர்மீது பழி கூறினர். குழந்தை அவர்களிடமே வளர்ந்தது. தந்தையும் மகனும் நெடுங்காலம் பிரிந்தே வாழ்ந்தனர்.

மின்சார ஆய்வுகள்

1830களின் நடுப்பகுதியில் டுஷேன் நோயாளிகளுக்கு மின்சாரத்தைக் கொண்டு சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஊசிகளைத் தோலினுள் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும் முறை வழக்கில் இருந்தது. தோலைத் துளைக்காமல், ஈரமாக்கப்பட்ட மின்முனைகளை அதன் மேற்பரப்பில் வைத்தே ஒரு தனித் தசையை மட்டும் சுருங்கச் செய்யலாம் என்பதை இவர் கண்டறிந்தார். இம்முறையை விளக்கும் நூலை 1855 இல் வெளியிட்டார்.

1842 இல் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு இவருக்கு மருத்துவமனையிலோ பல்கலைக்கழகத்திலோ பதவி எதுவும் கிடைக்கவில்லை. தாமே வடிவமைத்த மின்கருவியுடன் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, நோயாளிகளை ஆராய்ந்து குறிப்பெடுத்தார். தொடக்கத்தில் பலரால் ஏளனம் செய்யப்பட்டாலும், சால்பெட்ரியேர் மருத்துவமனையின் புகழ்பெற்ற மருத்துவரான ஜான் மார்ட்டின் ஷார்கோ இவரைத் தம் ஆசிரியராக மதித்தார்.

முகத் தசைகளும் உணர்வுகளும்

1862 இல் வெளியான மனித முகபாவங்களின் இயக்கம் பற்றிய நூலே டுஷேனின் உளவியல் சார்ந்த முக்கிய பணியாகும். முகபாவங்களைப் பற்றி அதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைக் கண்டு ஊகித்தே எழுதினர். டுஷேன், முகத்தின் ஒவ்வொரு தசையையும் மின்சாரத்தால் தனித்தனியே தூண்டி, அதனால் தோன்றும் மாற்றத்தைப் பதிவு செய்தார்.

இச்சோதனைகளுக்குப் பெரிதும் உதவியவர் பல் இல்லாத ஒரு முதியவர். அவருடைய முகத்தில் தொடு உணர்வு ஏறக்குறைய இல்லாததால், மின்சாரம் அவருக்கு வலியைத் தரவில்லை. எனவே அவர் எந்த உணர்ச்சிக்கும் ஆட்படாத நிலையிலேயே, அவர் முகத்தில் அச்சம், துயரம், மகிழ்ச்சி ஆகியவற்றின் சாயலைத் தோற்றுவிக்க முடிந்தது. அக்காலப் புகைப்படக் கருவிகளுக்குக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. மின்சாரம் தசையைச் சுருங்கிய நிலையிலேயே வைத்திருந்ததால் இத்தோற்றங்களைப் படம்பிடிக்க இயன்றது. புகைப்படங்கள் சிலவற்றை எடுப்பதில் அட்ரியன் டூர்நாஷோன் உதவினார்.

ஒவ்வொரு உணர்வுக்கும் உரிய தசை ஒன்று உண்டு எனவும், முகத்தின் மொழி இறைவனால் மனிதருக்கு அளிக்கப்பட்டது எனவும் டுஷேன் கருதினார். புருவத்தைச் சுருக்கும் தசையை வலியின் தசை என்றும், நெற்றித் தசையைக் கவனத்தின் தசை என்றும் அழைத்தார்.

டுஷேன் புன்னகை

புன்னகையில் இரு தசைகள் பங்கு கொள்வதை டுஷேன் விளக்கினார். வாயின் ஓரங்களை மேல்நோக்கி இழுக்கும் கன்னத் தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படும். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சியில் மட்டுமே இயங்கும் என்றும், அது இயங்காதபோது புன்னகை போலியானது என்றும் இவர் முடிவு செய்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் இக்கருத்தை மீண்டும் ஆராய்ந்து, கண்களும் சேர்ந்து சிரிக்கும் புன்னகைக்கு டுஷேன் புன்னகை எனப் பெயரிட்டார். எனினும், பலரால் இத்தகைய புன்னகையை வேண்டுமென்றே தோற்றுவிக்க முடியும் எனப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே கண் சுருக்கத்தை மட்டும் கொண்டு ஒருவரின் மனநிலையை உறுதிசெய்ய இயலாது.

டார்வினும் டுஷேனும்

சார்லஸ் டார்வின், உணர்வு வெளிப்பாடு பற்றி 1872 இல் வெளியிட்ட நூலில் டுஷேனின் புகைப்படங்களை அவரது அனுமதியுடன் பயன்படுத்தினார். அவற்றுள் சிலவற்றை எந்த விளக்கமும் தராமல் இருபதுக்கும் மேற்பட்டோரிடம் காட்டி, படத்தில் உள்ள உணர்வு எது எனக் கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய அனைவரும் ஒரே விடையைக் கூறினர். வேறு சிலவற்றுக்கு விடைகள் பெரிதும் வேறுபட்டன. பிறர் முகத்திலிருந்து உணர்வை எவ்வாறு அறிகிறோம் என்பது குறித்த தொடக்ககாலச் சோதனைகளுள் இதுவும் ஒன்றாகும். முகபாவங்கள் படிமலர்ச்சியின் விளைவு எனக் கருதிய டார்வின், டுஷேனின் இறைக்கொள்கையை ஏற்கவில்லை.

மருத்துவப் பணிகள்

சிறுவர்களின் தசைகள் படிப்படியாக நலிவுறும் நோயை டுஷேன் 1868 இல் விரிவாக விளக்கினார். ஆங்கில மருத்துவர் எட்வர்ட் மெரியன் இதனை முன்னரே விவரித்திருந்தபோதிலும், நோய் டுஷேனின் பெயராலேயே அறியப்படுகின்றது. இந்நோயில் குறைவுபடும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் 1987 இல் அடையாளம் காணப்பட்டது. உயிருடன் உள்ளவரின் தசையிலிருந்து சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதற்கான கருவியையும் டுஷேன் உருவாக்கினார்.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் மகன் தந்தையுடன் மீண்டும் இணைந்தார். மருத்துவராகிய அவர் தந்தையின் துறையிலேயே ஆய்வு செய்தார். ஆனால் தந்தைக்கு முன்னரே இறந்துவிட்டார். டுஷேன் தமது புகைப்படத் தொகுப்பைப் பாரிசு நுண்கலைப் பள்ளிக்கு அளித்தார். ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் தமது ஆய்வு பயன்பட வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. 1875 இல் பாரிசில் காலமானார்.