எலிகள் சொன்னதும் சொல்லாததும்

நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில், அரிசியில் ஒரு பகுதிக்கு மாற்றாகக் குடும்ப அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2023 மே மாதம் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. தருமபுரிக்குக் கேழ்வரகு புதிதன்று. களியும் கூழுமாக அதை உண்டு வளர்ந்த மண் அது. புதிதாக வந்திருப்பவை, அந்தத் தானியத்தைச் சுற்றிப் பெருகும் வாக்குறுதிகள்தாம். நீரிழிவை விரட்டும், எலும்பை இரும்பாக்கும், ஆயுளை நீட்டும் என ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஓர் ஆய்வு சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. அவற்றில் எதை நம்புவது, எந்த அளவுக்கு நம்புவது?

இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு, நீலகிரியின் குன்னூரில் உழைத்த ஒருவரின் வாழ்க்கை நல்ல பாடம். இந்திய ஊட்டச்சத்து ஆய்வுக்கு அடித்தளமிட்ட சர் ராபர்ட் மெக்கரிசன்தான் அவர். காலத்தை வென்று நிற்கும் முடிவுகளையும், காலம் தள்ளிவைத்த முடிவுகளையும் ஒரே உழைப்போடும் ஒரே நேர்மையோடும் தந்தவர். ஓர் ஆய்வின் நம்பகத்தன்மையை ஆய்வாளரின் பெயரைக் கொண்டு மதிப்பிட இயலாது என்பதை அவருடைய வாழ்வைவிடத் தெளிவாக உணர்த்துவது அரிது.

அயர்லாந்தின் போர்ட்டடவுன் நகரில் 1878 மார்ச் 15 அன்று பிறந்த மெக்கரிசன், பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் பயின்று 1900-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் உள்ள சித்ராலில் பணியாற்றியபோது, அங்கு பரவியிருந்த மூன்று நாள் காய்ச்சலை முறையாக விவரித்து எழுதினார். பிறகு கில்கித் பகுதியின் மருத்துவ அதிகாரியாக ஏழு ஆண்டுகள் இருந்தார். அங்கே அவர் கண்ணை உறுத்தியது, மக்களின் கழுத்தில் தொங்கிய கழலை.

கில்கித்தின் சிற்றூர்கள் ஒரே நீர்க்கால்வாயின் கரையில் அடுத்தடுத்து அமைந்திருந்தன. மேலூரின் கழிவு கலந்த நீரைக் கீழூர் குடித்தது. கால்வாயில் கீழே செல்லச் செல்லக் கழலை நோயாளிகளின் விகிதம் உயர்வதை மெக்கரிசன் ஊர் ஊராக எண்ணிப் பதிவுசெய்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. நோயுள்ள பகுதியின் நீரை வடிகட்டி, எஞ்சிய வண்டலைத் தாமும் குடித்தார். முன்வந்த வேறு சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. அதே வண்டலைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வீக்கம் வரவில்லை. கொதிநிலையில் அழிவது உயிருள்ள ஏதோவொன்றாகவே இருக்க வேண்டும். ஆகவே கழலை ஒரு தொற்று என அவர் முடிவு செய்தார்.

கள ஆய்வும் சோதனையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற ஆய்வு அது. ஆய்வாளர் தம் உடலையே பணயம் வைத்தார். ஆயினும் மூலகாரணம் அவர் பிடிக்குள் அகப்படவில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பள்ளி மாணவியருக்குச் சிறிதளவு அயோடின் கொடுத்து, கழலையைத் தடுக்கலாம் என்பதை டேவிட் மரைன் முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய ஆய்வில் காட்டினார். பனியும் மழையும் அரித்த மலைநிலங்களில் மண்ணும் நீரும் அயோடினை இழந்திருந்தன. மேலூராருக்கும் கீழூராருக்கும், வண்டலைக் குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் பொதுவாக இருந்த குறை அது. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை அவர்களுக்குள்ளேயே செய்யும் எந்த ஒப்பீடும் காட்டிக்கொடுக்காது. மெக்கரிசன் பின்னாளில் அயோடினின் பங்கை ஏற்றார். எனினும் நீரின் அசுத்தத்துக்கும் அதில் பங்குண்டு என்ற கருத்தை அவர் விடவில்லை.

கில்கித் வாழ்க்கை இன்னொரு கருத்தையும் அவருக்குள் விதைத்தது. அண்டையில் வாழ்ந்த ஹுன்சா மக்களின் உடற்கட்டும் சுறுசுறுப்பும் அவரை வியக்கவைத்தன. முழுத்தானியம், காய்கறி, பழம், பால் என அமைந்த அவர்களது எளிய உணவே அதற்குக் காரணம் என்று கருதினார். மருத்துவர் ஒருவரின் இந்த மனப்பதிவு, மேலை நாடுகளில் நூல் நூலாக ஊதிப் பெருக்கப்பட்டு, நோயே அறியாமல் நூறாண்டுகளுக்கு மேல் வாழும் மக்கள் என்ற தொன்மமாக மாறியது. ஆனால், வயதைச் சரிபார்க்க அங்கே பிறப்புப் பதிவேடுகள் இல்லை. பின்னர் ஹுன்சாவில் மருந்தகம் நடத்திய அமெரிக்கர் ஜான் கிளார்க், ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த அனுபவத்தை 1956-இல் நூலாக்கினார். முதலில் சொன்னவர் அளந்து சொன்னாரா, பார்த்துச் சொன்னாரா என்பதைப் பின்னால் எடுத்தாண்டவர்கள் கேட்கவே இல்லை.

மெக்கரிசனின் மகத்தான காலம் குன்னூரில் தொடங்கியது. 1918-இல் அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில், பெரிபெரி நோய்க்கான விசாரணைப் பிரிவாக அவருடைய ஆய்வுக்கூடம் உருவானது. அரசின் சிக்கன நடவடிக்கையால் 1923-இல் அது நிறுத்தப்பட்டது. 1925-இல் குறைபாட்டு நோய் விசாரணைப் பிரிவாக உயிர்பெற்றது. 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. அதன் முதல் இயக்குநர் அவரே. 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என விளங்குவது அந்த ஒற்றை அறையின் தொடர்ச்சிதான்.

பெரிபெரி ஆய்வு, நம்பத்தக்க ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்குச் சான்று. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற பறவைகள் நரம்பு தளர்ந்து விழும்; தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தால் எழுந்துவிடும். ஜாவாவில் எய்க்மன் கோழிகளிடம் கண்டதை, குன்னூரில் மெக்கரிசன் புறாக்களைக் கொண்டு விரித்து ஆராய்ந்தார். இங்கே மாறுவது ஒன்றே ஒன்று. விளைவும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு கைகள் செய்தபோதும் அதே விடை வந்தது. சென்னை மாகாணத்துக்குள்ளேயே, ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது குறைவாக இருந்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது இந்த வேறுபாட்டை விளக்கியது. கூண்டில் கண்டது களத்திலும் பொருந்தியது.

அவருடைய புகழ்பெற்ற எலிச் சோதனையை இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோட வேண்டும். ஒரே மரபில் வந்த, வயதிலும் எடையிலும் ஒத்த வெள்ளை எலிக்குட்டிகளை ஏழு குழுக்களாகப் பிரித்தார். சீக்கியர், பத்தானியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், சென்னை மாகாணத்தார் ஆகியோரின் உணவாகத் தாம் கருதியவற்றை ஒவ்வொரு குழுவுக்கும் ஊட்டினார். 140 நாள் முடிவில், முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என வளர்ந்த சீக்கிய உணவுக் குழுவின் சராசரி எடை சுமார் 235 கிராம். தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை உணவுக் குழுவுக்குச் சுமார் 155 கிராம். ஏழு குழுக்களில் கடைசி இடம் நமக்கு.

பிரிட்டிஷ் இராணுவம் இந்தியரைப் போர்க்குலத்தார், மற்றவர் எனப் பிரித்து ஆளெடுத்த காலம் அது. எலிகளின் வரிசை அந்தப் பட்டியலோடு பெரிதும் ஒத்துப்போனது. உண்மையில் இந்தச் சோதனை அந்தக் கொள்கையின் வேரில் கத்தி வைத்தது. எலிகள் அனைத்தும் ஒரே மரபு; மாறியது உணவு மட்டும். உடல் வேறுபாட்டுக்கு இரத்தத்தைக் காரணம் காட்டத் தேவையில்லை, உணவே பெரும் வேறுபாட்டை உண்டாக்கவல்லது என்பது அதன் வலிமையான செய்தி. ஏழைக்கு நல்லுணவு தருவது அரசின் கடமை என்று வாதிட்டவர்களுக்கு அது ஆயுதமாயிற்று.

அந்தச் செய்திக்கு அப்பால் செல்லும்போது தரை நழுவத் தொடங்குகிறது. சீக்கிய உணவுக்கும் சென்னை உணவுக்கும் இடையே மாறியது ஒரு பொருளன்று; பத்துக்கும் மேற்பட்டவை மாறின. பாலா, கோதுமையா, வெண்ணெயா, எது எலியை வளர்த்தது என்று இந்தச் சோதனை சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. எலியின் தேவையும் மனிதனின் தேவையும் ஒன்றல்ல. மனித உடலால் ஆக்க இயலாத வைட்டமின் சி-யை எலி தானே ஆக்கிக்கொள்ளும். அந்தச் சத்து அறவே இல்லாத உணவிலும் எலி நலமாகத் திரியும். உணவு மட்டுமே எலிகளை வேறுபடுத்தும் என்பது, மனிதரை வேறுபடுத்துவது உணவு மட்டுமே என்பதற்குச் சான்றாகாது. மலேரியா, கொக்கிப்புழு, வறுமை ஆகியவற்றுக்கு அந்தக் கூண்டில் இடமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தப் பெயர். சென்னை உணவு என்று ஒன்று எங்கே இருந்தது? அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்து, 1965-இல் தனி மாவட்டமான தருமபுரியின் உழவர் வீடுகளில் தீட்டிய அரிசிச் சோறு அன்றாடப் பண்டமன்று. கேழ்வரகுக் களியும், சாமைச் சோறும், அவரையும் கொள்ளும் கலந்த குழம்புமே அவர்களின் உணவு. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து என்றால், கேழ்வரகில் அது 300 மில்லிகிராமுக்கும் மேல். மாகாணத்தின் பெயரைத் தாங்கிய ஒரு கிண்ணத்தில் தருமபுரியின் உணவு வைக்கப்படவே இல்லை. ஆனால் கடைசி இடம் என்ற தீர்ப்பு தருமபுரிக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது, அதில் யார் சேர்க்கப்பட்டார்கள் என்று கேட்பதோடு, யார் பெயரால் முடிவு சொல்லப்படுகிறது என்றும் கேட்க வேண்டும்.

1933-இல் சர் பட்டம் பெற்ற மெக்கரிசன், 1935-இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். உணவும் நாட்டு நலமும் குறித்து அவர் அங்கு ஆற்றிய உரைகள் பெரும் செல்வாக்குப் பெற்றன. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியை வழிநடத்திய அவர், 1960 மே 18 அன்று மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற ஆய்வுக்கூடமே அவருடைய பழைய புதிரை அவிழ்க்க ஒருவரை வளர்த்தது என்பது வரலாற்றின் அழகு. குன்னூரில் பயிற்சி பெற்ற வி. ராமலிங்கசாமி, 1956-இல் இமாலயத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் கழலை ஆய்வைத் தொடங்கினார். பகுதி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இரண்டில் அயோடின் கலந்த உப்பு. ஒன்றில் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டில் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பு வழங்கப்பட்டது, அங்கும் குறைந்தது. இன்று நம் சமையலறையில் உள்ள அயோடின் உப்புக்குப் பின்னால் நிற்பவற்றுள் முக்கியமானது அந்த ஆய்வு. கில்கித்தில் இல்லாத ஒப்பீடு காங்க்ராவில் இருந்தது.

தருமபுரிக்கு இது அயலார் கதையன்று. அம்மாவட்டத்தின் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள ஃபுளோரைடு, பல தலைமுறைகளின் பல்லையும் எலும்பையும் சிதைத்திருக்கிறது. அதுவும் நீரோடு வரும் நோய்தான்; ஊருக்கு ஊர் வேறுபடும் நோய்தான். மெக்கரிசனைப் போல ஊர்க்கணக்கோடு நின்றிருந்தால், அதையும் ஏதோ ஒரு தொற்றாகக் கருதியிருக்கலாம். ஆனால், சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் 1937-இல் ஷார்ட்டும் உடனுழைத்தோரும் இந்நோயை விவரித்தபோது, நீரின் ஃபுளோரைடு அளவோடு எலும்பின் எக்ஸ்-கதிர்ப் படங்களும் பேசின. அதே எலும்பு மாற்றத்தை, நீரோடு தொடர்பே இல்லாமல், கிரையோலைட் தூசியைச் சுவாசித்த டென்மார்க் தொழிலாளர்களிடம் 1932-இலேயே வேறு இருவர் கண்டிருந்தனர். ஒன்றையொன்று அறியாத இரு பாதைகள் ஒரே இடத்தில் சந்திக்கும்போது, அந்த இடத்தை நம்பலாம். ஜப்பானிய நிதியுதவியோடு 2013-இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அடியில் இருப்பது அத்தகைய உறுதியான அறிவு.

கேழ்வரகுக்கும் இதே நீதி வேண்டும். அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி என்பது ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப அளக்கப்பட்ட செய்தி. அது ஒரு நோயைத் தீர்க்கும் என்பது வேறு வகைக் கூற்று. அதற்கு வேறு வகைச் சான்று வேண்டும். எத்தனை பேருக்கு, எவ்வளவு காலம், எதற்கு மாற்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள்? வேறு யாரேனும் செய்து அதே விடையைக் கண்டார்களா? ஆய்வு சொன்னது எங்கே முடிகிறது, அதை எடுத்துச் சொல்பவரின் விருப்பம் எங்கே தொடங்குகிறது? இவற்றைக் கேட்க அறிவியல் பட்டம் தேவையில்லை. களியை நன்றி மறவாமல் உண்ணவும், அதன் பேரால் விற்கப்படும் மாயங்களை மறுக்கவும் இக்கேள்விகள் போதும். மெக்கரிசனைப் போற்றும் முறையும் அதுவே: அவர் கண்டதை ஏற்போம், அவர் கருதியதைச் சோதிப்போம்.