உழவாரம் ஏந்திய திருக்கரம்
திருநாவுக்கரசு நாயனார் காட்டிய நந்தவனப் பணி

இலண்டன் மாநகரிலுள்ள எமது சைவக் கோயில்கள் பலவற்றில் சமயகுரவர் நால்வரின் திருவுருவங்களையும் ஒரே வரிசையில் தரிசிக்கின்றோம். சம்பந்தப் பிள்ளையார் குழந்தை வடிவில் நிற்கின்றார். சுந்தரமூர்த்தி நாயனார் மணமகன் போன்ற அலங்காரத்துடன் காட்சி தருகின்றார். மாணிக்கவாசகர் திருக்கையில் ஏடு இருக்கின்றது. முதியவராகிய திருநாவுக்கரசர் மாத்திரம் நீண்ட பிடியுடைய ஒரு கருவியைத் தோளில் சாய்த்தபடி, கைகூப்பி நிற்கின்றார். இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளிற் சிலர் அதனைப் படகுத் துடுப்பென்று எண்ணுவதும் உண்டு.

அது உழவாரம். தட்டையான இரும்பு அலகும் மரப்பிடியும் கொண்ட, புல்லும் பூண்டும் செருக்குகின்ற கருவி. நால்வருள் வேலை செய்யும் கருவியுடன் நிற்பவர் இவர் ஒருவரே. முந்நூற்றுக்கு மேற்பட்ட பதிகங்கள் இவர் பாடியனவாக எமக்குக் கிடைத்துள்ளன. நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் முழுவதும் இவருடையவை. இத்தனை பெரிய புலவரின் கையில் ஏடு இல்லை, புல் செருக்கும் கருவியே இருக்கின்றது. இதற்கான காரணத்தை அவர் வரலாற்றிலேயே காணலாம்.

தமக்கையார் காத்த உயிர்

ஏழாம் நூற்றாண்டிலே, திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றியவர் மருள்நீக்கியார். அவருக்கு மூத்தவர் திலகவதியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போருக்குச் சென்றார். அக்காலத்திலே தந்தையார் நோயுற்று இறந்தார், தாயாரும் உடன் உயிர் நீத்தார். போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தியும் வந்து சேர்ந்தது.

திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். சின்னஞ்சிறு தம்பி காலில் விழுந்து கதறினார். அக்கா போனால் தானும் முன்னே போய்விடுவதாகச் சொல்லி அழுதார். தம்பி வாழவேண்டுமென்ற ஒரே காரணத்துக்காகத் திலகவதியார் உயிர் தாங்கினார். போரினாலும் இழப்பினாலும் சிதறிய குடும்பங்களிலே, மூத்த சகோதரி தாயாகி நின்று தம்பி தங்கையரை ஆளாக்கியதை எம்மவர்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

மருள்நீக்கியார் வளர்ந்து, பெற்றோர் விட்ட செல்வத்தைக் கொண்டு பல அறங்கள் செய்தார். அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தரும் அமைத்தார், சோலைகள் வளர்த்தார், குளங்கள் தோண்டினார், விருந்தினரை உபசரித்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே கூறுகின்றார். ஊரார் நிழலுக்கு ஒதுங்கப் பொதுச் சோலை வைத்தவர் இவர் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் மனம் அமைதி பெறவில்லை. உலகத்தின் நிலையாமை அவரை வருத்தியது. மெய்யான நெறி எதுவென்று தேடிச் சமண சமயம் புகுந்தார். அவர்களுடைய நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் பாடலிபுத்திரத்திலே, அதாவது இன்றைய கடலூர்ப் பக்கத்துத் திருப்பாதிரிப்புலியூரிலே, தலைமை நிலை அடைந்தார்.

திருவதிகையில் ஒரு விடியற்காலை

திலகவதியார் என்ன செய்தார்? தம்பியுடன் வாதாடப் போகவில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்று தங்கினார். நாள்தோறும் விடியுமுன் கோயிலைத் துடைப்பத்தால் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். இந்தப் பணிகளுக்கிடையே தம்பிக்காக இறைவனிடம் விண்ணப்பம் செய்துகொண்டிருந்தார்.

பின்பு தருமசேனரைக் கொடிய சூலைநோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. வேதனை தாங்காமல் இரவோடிரவாகத் தமக்கையாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து அவர் திருவடியில் விழுந்தார். எத்தனையோ ஆண்டுகளின் பின் வந்த தம்பியைத் திலகவதியார் ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை. இறைவன் அருளென்று எண்ணித் திருநீறு கொடுத்தார். பொழுது புலருமுன் அவர் வழக்கமாகக் கோயிலுக்குப் போகும் நேரம் வந்தது. துடைப்பமும் சாணமும் தண்ணீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார்.

அன்பர்களே, இக்காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். பல நூல்களைக் கற்ற அறிஞர் ஒருவர் நோயுடன் தள்ளாடி நடக்கின்றார். அவருக்கு முன்னே செல்பவர், கோயில் கூட்டும் துடைப்பத்துடன் செல்லும் ஒரு பெண். அந்தச் சந்நிதியிலேதான் அவர் முதற் பதிகம் பாடினார். சூலை தீர்ந்தது. நாவுக்கரசு என்னும் பெயரும் வந்தது. நூல்களினால் அவர் அடையாத தெளிவுக்கு, தமக்கையாரின் கைத்தொண்டு வழிகாட்டியது. அவர் உழவாரம் ஏந்தியதற்கு மூலம் அந்தத் துடைப்பமே என்று கொள்வதில் தவறில்லை.

கையினாற் செய்த தொண்டு

அதன்பின் பல்லவ மன்னனால் வந்த துன்பங்கள் யாவரும் அறிந்தவை. நீற்றறையில் ஏழு நாள் அடைத்தனர், நஞ்சு கொடுத்தனர், யானையை ஏவினர், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தனர். யாவற்றையும் கடந்து திருப்பாதிரிப்புலியூரிலே கரையேறினார். அன்றுமுதல் தலந்தோறும் நடந்தார். வாயினாற் பாடினார், கையினால் உழவாரப்பணி செய்தார்.

அக்காலத்துக் கோயில்களிற் பல செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. பறவை போட்ட ஓர் ஆலம் விதை செங்கல் இடுக்கில் முளைத்தால், சில ஆண்டுகளில் சுவரையே பிளந்துவிடும். பிரகாரத்தில் நெருஞ்சி படர்ந்தால் அடியார் வலம் வர இயலாது. பூண்டு மண்டினால் நந்தவனத்துப் பூச்செடி வாடும். ஆகவே உழவாரம் என்பது பெயருக்குச் செய்யும் சடங்கு அன்று. கோயில் நிலைப்பதற்கும், மலர் மலர்வதற்கும், அடியார் கால் நோகாது நடப்பதற்கும் செய்யவேண்டிய வேலை அது. இன்று பிடுங்கிய புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கும். நாளையும் வந்து செருக்கவேண்டும். முடிவில்லாத இந்த வேலையைத் தம் முதுமை வரை அவர் விடவில்லை.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அமுதளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு இறைவன் அருளினார். அப்பர் பெற்ற காசு கடையில் அப்படியே செல்லுபடியாயிற்று. சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கழித்தே பண்டம் கொடுத்தனர். அதனால் அவர் மடத்தில் சோறு ஆகத் தாமதமாயிற்று. காரணம் வினவிய சம்பந்தர், அப்பர் கைத்தொண்டு செய்பவராதலால் அவருக்கு வாசியில்லாக் காசு கிடைக்கின்றது என்று உணர்ந்தார். பின் அவரும் பதிகம் பாடி நற்காசு பெற்றார். ஞானப்பால் உண்ட பிள்ளைக்கும் இறைவன் இந்த வேறுபாட்டைக் காட்டினார் என்றால், கைத்தொண்டின் மதிப்பை வேறு எவ்வாறு சொல்வது?

திருப்புகலூர்ப் பூக்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்துத் திருப்புகலூர் அப்பர் சுவாமிகளின் வாழ்விற் சிறப்பான தலம். அங்கு முருக நாயனார் வாழ்ந்தார். அவர் செய்த தொண்டு முழுவதும் பூத்தொண்டே. விடியுமுன் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் வெவ்வேறு கூடைகளிற் கொய்வார். வகைவகையாக மாலை தொடுத்து, அந்தந்தக் காலத்து வழிபாட்டுக்கு ஏற்பச் சாத்துவார். அவருடைய திருமடத்திலே அப்பரும் சம்பந்தரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் கூடியிருந்தனர். பூத்தொடுக்கும் ஒருவரின் இல்லமே பெரியோர் கூடும் சபையாயிற்று.

நிறைவாக முதுமையிலே அப்பர் சுவாமிகள் மீண்டும் திருப்புகலூர் வந்து தங்கினார். அங்கும் உழவாரப்பணியை விடவில்லை. ஒருநாள் அவர் செருக்கிய இடத்திலே பொன்னும் நவமணிகளும் மின்னின. இறைவன் வைத்த சோதனை அது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பொன்னையும் பருக்கைக் கல்லையும் ஒன்றாகவே உழவாரத்தினால் வாரி எடுத்து வாவியில் எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். அடியார் காலில் உறுத்துமானால் பொன்னும் அவருக்குக் கல்லே. எண்பத்தோராவது வயதில், சித்திரைச் சதயத்தன்று, அத்தலத்திலேயே இறைவன் திருவடி சேர்ந்தார் என்பது மரபு.

இந்நாட்டில் எமது உழவாரம்

இலண்டனிலே எமது கோயில்களிற் பல நெருக்கமான தெருக்களில், பழைய மண்டபங்களிலும் தேவாலயக் கட்டடங்களிலும் அமைந்தவை. நந்தவனம் வைக்க நிலமில்லை. வில்வம் வெளியில் வளராது. பூவைக் கடையில் வாங்குகின்றோம், கூட்டித் துடைக்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கின்றோம். காசு கொடுத்து அர்ச்சனை செய்யப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். ஆனால் கோயிலுக்காகக் கையில் மண் படுகின்ற வாய்ப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நாம் ஆயிரம் விளக்கம் சொல்லலாம். திலகவதியாரோ விளக்கம் சொல்லவில்லை, விடியற்காலையில் உடன் அழைத்துச் சென்றார்.

அவ்வாறு அழைத்துச் செல்ல ஓர் இடம் எமது வீட்டுக்கு அருகிலேயே இருக்கின்றது. அது பொதுப் பூங்கா. இந்நகரின் பூங்காக்கள் பலவற்றில், உள்ளூர்க் கவுன்சிலுக்குத் துணையாகப் ‘பூங்கா நண்பர்கள்’ என்ற தொண்டர் குழுக்கள் களை பிடுங்கிப் பூச்செடி நடுகின்றன. ஒக்டேவியா ஹில் (1838–1912) என்னும் அம்மையார், தமது கிறிஸ்தவ நம்பிக்கையின் உந்துதலால், சவுத்வார்க்கில் காகித ஆலை இருந்த பாழ்நிலத்தை 1887இல் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கான ரெட் குரொஸ் பூங்காவாக மாற்றினார். 1895இல் தேசிய அறக்கட்டளையைத் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர். அந்தச் சிறு பூங்கா இன்றும் இருக்கின்றது. அடியார் நடக்க வழி செருக்கிய அப்பரும், ஏழைகள் காற்று வாங்க நிலம் திருத்திய இந்த அம்மையாரும் வேறு வேறு சமயத்தவர், வேறு வேறு காலத்தவர். மண்ணில் இறங்கிச் செய்யும் பணியே பக்தியாகும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

பூங்காவில் நாம் வளர்க்கும் பூவை நாம் பறிக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வழிப்போக்கர் யாரோ பார்த்து மகிழ்வர், எம் பெயரை ஒருவரும் அறியார். பொன்னை வாவியில் எறிந்த மனத்தைப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் உண்டோ? டான்டிலையன் பூண்டின் ஆணிவேர் நீளமானது. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, மண்ணில் நின்ற துண்டிலிருந்து மறுபடி தளிர்க்கும். பொறுமையாக வேரோடு எடுக்கவேண்டும் என்பதை ஒரு பிள்ளை தன் கையாலேயே கற்றுக்கொள்ளும். அடுத்த மாதம் வந்து பார்க்கும்போது வேறு களை முளைத்திருக்கும். தொண்டுக்கு விடுமுறை இல்லை என்பதையும் அப்போது அறிந்துகொள்ளும்.

அப்பர் சுவாமிகளின் குருபூசையாகிய சித்திரைச் சதயம் வரும் காலத்தில் இந்நாட்டில் வசந்தம் நடக்கின்றது. பூவும் மலரும், களையும் முளைக்கும். அன்று கோயிலில் தேவாரம் ஓதி வணங்குவதுடன், ஒரு மணிநேரம் கோயில் வாசலையோ, அருகிலுள்ள பூங்காவின் ஒரு பாத்தியையோ குடும்பமாகச் சேர்ந்து சீர்செய்தால், அதுவும் குருபூசையே. அம்மாவும் அப்பாவும் முழந்தாளிட்டு மண் கிளறுவதைக் கண்ட பிள்ளைக்கு, மூலையில் நிற்கும் அந்த முதியவரின் தோளிலுள்ளது என்ன என்று பின் ஒருவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நாவுக்கரசர் பாதம் பணிந்து, நாமும் எம் கைகளைத் தொண்டுக்கு ஈந்து உய்வோமாக.