பிசிபி-யை அச்சடித்தவர்

மினி ப்ராஜெக்ட் சமயத்துல நீங்களும் இதைப் பண்ணியிருப்பீங்க. சர்க்யூட்டை லேசர் பிரிண்டர்ல க்ளாஸி பேப்பர்ல எடுத்து, காப்பர் போர்டு மேல கவுத்து வச்சு, அயர்ன் பாக்ஸால தேய்ச்சு, ஃபெரிக் குளோரைடு கரைசல்ல போட்டு ஆட்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க. இங்க் ஒட்டாத இடத்துல காப்பர் கரைஞ்சு போகும். ஒட்டின இடம் மட்டும் கோடு கோடா நிற்கும். கூடவே ஹாஸ்டல் பக்கெட்ல போகாத கறையும் நிற்கும். இப்படி அச்சடிச்சு அரிக்கிற முறையை ரேடியோவுக்குக் கொண்டு வந்தவர் பால் ஐஸ்லர்.

1907-ல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930-ல் அங்கேயே பொறியியல் பட்டம் வாங்கினார். கையில டிகிரி இருந்தது, ஆனா யூதர் என்பதால் வேலை கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. பெல்கிரேடு போய், ஓடும் ரயில்ல ரேடியோ கேட்டா வர்ற இரைச்சலைக் குறைக்கிற வேலை பார்த்தார். அதுவும் நீடிக்கலை. ஊர் திரும்பி பத்திரிகை, அச்சகம் என்று பிழைப்பைப் பார்த்தார்.

படிச்ச படிப்புக்கும் அச்சகத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. அங்கதான் விஷயமே இருக்கு. ஒரு பக்கத்தைத் தயார் பண்ணிட்டா, அதையே ஆயிரம் காப்பி அடிக்கலாம். ஆனா அன்றைய ரேடியோவில் ஒவ்வொரு ஒயரையும் கையால வெட்டி, வளைச்சு, சால்டர் பண்ணணும். ஒயரையும் அச்சடிச்சா என்ன?

1936-ல் லண்டனுக்குப் போனார். ஹாம்ப்ஸ்டெட்டில் தங்கியிருந்த அறையிலேயே அச்சிட்ட சர்க்யூட் வைத்து ஒரு ரேடியோ செய்தார். அதாவது முதல் போர்டே வீட்டுல செஞ்சதுதான்! பிளெஸ்ஸி கம்பெனியில் காட்டினார். ஒயரிங் வேலைக்குப் பெண்கள் குறைந்த கூலிக்குக் கிடைக்கிறார்கள், இது தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்து போர் வந்தது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவரையே, ஆஸ்திரியாக்காரர் என்பதால் எதிரி நாட்டவர்னு பிரிட்டன் அடைத்து வைத்தது. 1941-ல் வெளியே வந்து, ஹெண்டர்சன் அண்ட் ஸ்பால்டிங் என்ற அச்சு நிறுவனத்தைப் பிடித்தார். அவர்கள் முதலீடு செய்ய ஒத்துக்கொண்டார்கள். அந்த சந்தோஷத்துல ஒப்பந்தத்தைப் படிக்காமலே கையெழுத்து போட்டுட்டார். வேலையில் இருக்கும்போது வாங்கும் பேடன்ட் உரிமையெல்லாம் பெயரளவில் ஒரு பவுண்டுக்கு கம்பெனிக்குப் போகும் என்று அதில் இருந்தது. இதற்காகத் தொடங்கிய டெக்னோகிராஃப் கம்பெனியில் அவருக்கு 16.5 சதவீதப் பங்கு மட்டும் கிடைத்தது.

1943-ல் பேடன்டுக்கு விண்ணப்பித்தார்கள். போருக்குப் பிறகு உலகமே பிசிபி-க்கு மாறியது. ஆனால் டெக்னோகிராஃபுக்கு அந்த அளவுக்கு ராயல்டி வரவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள், அமெரிக்காவிலும் தோற்றார்கள், பிரிட்டனிலும் தோற்றார்கள். அதற்கு முன்பே, 1957-ல், ஐஸ்லர் அந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டார்.

அதுக்காக அவர் முடங்கிடலை. அதே உலோகத் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி சூடாக்கும் வழிகளைத் தேடினார். கார் பின் கண்ணாடியில் பனி படியாமலிருக்க ஒன்று, அறையைச் சூடாக்கும் சுவர்த்தாள் என்று அடுத்தடுத்து செய்து பார்த்தார். 1989-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 1992-ல் லண்டனில் இறந்தார்.

இன்னும் ப்ளேஸ் ஆகாம, கிடைச்ச வேலையைப் பார்க்கப் போறவங்க அந்த அச்சக வருஷங்களை ஞாபகம் வச்சுக்கோங்க. ப்ளேஸ் ஆனவங்களுக்கு இன்னொரு விஷயம். என் ஆஃபர் லெட்டர் 14 பக்கம். நான் நேரா கடைசிப் பக்கத்துக்குப் போய் கையெழுத்து போட்டவன். ஐஸ்லர் கதை தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி, அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிச்சேன். ஒன்பதாவது பக்கத்துல கண்டுபிடிப்பு உரிமை பத்தி ஒரு பாரா இருந்தது. உங்க லெட்டரையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க.