விளக்கேந்திய சீமாட்டி

பணக்கார வீட்டுப் பெண். நன்றாகப் படித்தவர். அவரை மணக்க ஒரு கவிஞர் பல ஆண்டுகள் காத்திருந்தார். ஆனால் அந்தப் பெண் கேட்டது கல்யாணம் அல்ல. நோயாளிகளுக்குப் பணி செய்ய அனுமதி!

அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் மகளுக்குச் சூட்டினார்கள். பெற்றோர் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு மாளிகைகள் இருந்தன. தந்தையே ஆசிரியராக இருந்து மகளுக்குப் பல மொழிகளைக் கற்றுக்கொடுத்தார். கணக்கு என்றால் பிளாரன்சுக்கு உயிர்.

வீட்டில் எதிர்ப்பு

அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு மதிப்பு இல்லை. பயிற்சியும் இல்லை. நர்சுகள் குடிப்பவர்கள் என்ற கெட்ட பெயர் வேறு. 1845-ல், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பழக வேண்டும் என்று பிளாரன்ஸ் கேட்டதும் தாய் பதறிப் போனார். குடும்ப மானம் போய்விடும் என்று தடுத்தார்.

பிளாரன்ஸ் மனம் தளரவில்லை. விடியுமுன் எழுந்து, ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அறிக்கைகளை ரகசியமாகப் படித்தார். 1851-ல், 31-வது வயதில்தான் ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற முடிந்தது. 1853-ல் லண்டனில் பெண்களுக்கான சிறு ஆஸ்பத்திரியின் தலைவி ஆனார்.

போர்க்களத்துக்குப் பயணம்

அப்போது கிரிமியா யுத்தம் மூண்டது. ரஷியாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் போரிட்டன. காயம்பட்ட சிப்பாய்கள் கவனிப்பார் இன்றி மடிவதாகப் பத்திரிகைகள் எழுதின. நாடே கொதித்தது. மந்திரி சிட்னி ஹெர்பர்ட், பிளாரன்சின் உதவியை நாடினார்.

38 நர்சுகளுடன் பிளாரன்ஸ் புறப்பட்டார். 1854 நவம்பரில் துருக்கியில் உள்ள ஸ்குடாரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஆஸ்பத்திரியா இருந்தது? நரகம் இருந்தது! தரையெங்கும் நோயாளிகள். எலிகள். பேன்கள். மாற்றுத்துணி கிடையாது. நல்ல சாப்பாடு கிடையாது. பெண்கள் வந்ததை டாக்டர்கள் முதலில் விரும்பவில்லை. காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததும் அவர்களே உதவி கேட்டார்கள்.

பிளாரன்ஸ் தரையைத் தேய்த்துக் கழுவச் செய்தார். சமையல் கூடம் அமைத்தார். துணி வெளுக்க ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். இரவில் கையில் விளக்குடன் படுக்கை படுக்கையாகச் சென்று பார்த்தார். சாகும் சிப்பாய்களுக்காக அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். விளக்கேந்திய சீமாட்டி என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

சாவு ஏன் நிற்கவில்லை?

இவ்வளவு செய்தும் சாவு நிற்கவில்லை! 1855 பிப்ரவரியில், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச் மாதம் லண்டனில் இருந்து சுகாதாரக் குழு வந்தது. கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. தண்ணீர் வரும் வழியில் ஒரு குதிரை செத்துக் கிடந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்தார்கள். ஜூன் மாதத்துக்குள் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

1856-ல் ஊர் திரும்பிய பிளாரன்ஸ், வரவேற்பு எதையும் விரும்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார். குண்டு பட்டு இறந்தவர்களைவிட, காலராவாலும் சீதபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தவர்களே மிக அதிகம் என்று தெரிந்தது. அன்பு மட்டும் போதாது. சுத்தமான காற்றும் தண்ணீரும் வேண்டும் என்று உணர்ந்தார். அந்தக் கணக்கை எல்லோருக்கும் புரியும்படி வண்ணப் படமாக வரைந்து வெளியிட்டார். அரசாங்கம் விழித்துக்கொண்டது.

மக்கள் அவர் பெயரால் சுமார் 45 ஆயிரம் பவுன் நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில், 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி பிறந்தது. நர்ஸ் வேலை படித்துச் செய்யும் தொழில் ஆனது. ஒரு பெண் தன் உழைப்பால் கௌரவமாக வாழ வழி பிறந்தது. 1868-ல் இங்கிருந்து சென்ற நர்சுகள் ஆஸ்திரேலியாவிலும் பணியைத் தொடங்கினார்கள்.

பிளாரன்ஸ் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் இந்தியாவின் சுகாதாரத்துக்காகப் பல ஆண்டுகள் எழுதினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. விவசாயிகளுக்குப் பாசன வசதி செய்து தர வேண்டும் என்று வாதாடினார்.

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் காலமானார். மன்னர்கள் உறங்கும் இடத்தில் அடக்கம் செய்யலாம் என்றார்கள். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். சொந்த ஊர்க் கல்லறையில் அவர் பெயரின் முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டுமே உள்ளன.

அவர் பிறந்த மே 12-ந் தேதிதான் இன்று உலக நர்சுகள் தினம். நடு இரவில் நோயாளியின் நாடி பார்க்க ஒரு நர்ஸ் எழுந்து வரும்போதெல்லாம், அந்த விளக்கும் கூடவே வருகிறது.