நோயாளியின் அருகே ஒரு வகுப்பறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மருத்துவம் பயின்றோர் பலர், ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பாராமலேயே பட்டம் பெற்றனர். கட்டணம் செலுத்தினால் எளிதில் இடம் தரும் தனியார் கல்லூரிகள் அந்நாளில் மிகுந்திருந்தன. முதலாண்டில் கேட்ட விரிவுரைகளையே மறு ஆண்டும் கேட்பது பல இடங்களில் படிப்பெனப்பட்டது. அரைகுறைக் கல்விக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகளே. இந்நிலையை மாற்ற உழைத்தோருள் முதன்மையானவர் வில்லியம் ஆஸ்லர்.

கனடாவின் ஒன்டாரியோ பகுதியில், பாண்டுஹெட் என்னும் சிற்றூரில் 1849ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையைப் போலச் சமயப்பணி ஆற்றவே கல்லூரி புகுந்தார். இயற்கை ஆராய்ச்சியில் கொண்ட ஈடுபாடு அவரை மருத்துவத்தின்பால் ஈர்த்தது. 1872இல் மான்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். ஐரோப்பாவில் மேலும் பயின்று, மெக்கிலுக்கே ஆசிரியராகத் திரும்பினார். மாணவர்க்குப் போதிய நுண்ணோக்கிகள் இல்லாதிருந்த குறையை, பெரியம்மைப் பிரிவில் பணியாற்றிப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு தீர்த்தார். அப்பணியில் அந்நோய் அவரையும் தொற்றியது.

1889இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரானார். பொருளின்மையால் அதன் மருத்துவக் கல்லூரி தொடங்கப்படாமல் இருந்தது. மேரி காரெட் என்னும் பெண்மணி பெரும்பொருள் வழங்க முன்வந்தார். ஆடவர்க்கு நிகராக மகளிரையும் சேர்த்தல் வேண்டும், பட்டம் பெற்றோரையே சேர்த்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். 1893இல் கல்லூரி திறக்கப்பட்டது. ஆசிரியராக நுழைந்தது தம் நற்பேறு என்றும், மாணவராக நுழைய முயன்றிருந்தால் இடம் கிடைத்திராது என்றும் ஆஸ்லர் நகையாடியதுண்டு.

அங்கே அவர் மாணவர்களை விரிவுரை மண்டபத்திலிருந்து நோயாளியின் படுக்கைக்கு அழைத்துச் சென்றார். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் சில நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டனர். நோய் வந்த வரலாற்றைக் கேட்டெழுதுவதும், குருதியையும் சிறுநீரையும் ஆய்வதும், அன்றாட மாற்றங்களைக் குறிப்பதும் அம்மாணவரின் கடமை. காலையில் ஆஸ்லர் வலம் வரும்போது, படுக்கையின் அருகே நின்று அவர் தம் ஆய்வை எடுத்துரைப்பார். கண்டது எது, கருதிக்கொண்டது எது என்று பிரித்தறியுமாறு ஆசிரியர் வினவுவார். அறியாததை அறியேன் என்று கூறுவது அங்கே இழுக்கன்று. மாணவர் வேடிக்கை பார்ப்போராக இல்லாமல் மருத்துவமனையின் உறுப்பினராகவே மாறினர். நோயாளியும் பாடப்பொருளாகிவிடாமல், அன்போடு நடத்தப்பட வேண்டியவராகவே இருந்தார். பின்னதே கற்பிக்க அரியது. ஆஸ்லர் அதை நடந்து காட்டினார்.

வார இறுதி மாலைகளில் அவர் இல்லம் மாணவர்களுக்குத் திறந்திருக்கும். உணவருந்தியபின் பழைய மருத்துவ நூல்களைப் பற்றி உரையாடுவர். அணுக்கமான இளம் மருத்துவர் சிலரிடம் வீட்டுச் சாவியையே அவர் கொடுத்திருந்தார். நூலகத்தை அவர்கள் விரும்பிய நேரத்தில் பயன்படுத்தலாம்.

1892இல் அவர் வெளியிட்ட மருத்துவப் பாடநூல், பயனற்ற மருந்துகள் பலவற்றை ஐயத்துடன் நோக்கியது. 1905இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராகி இங்கிலாந்தில் குடியேறினார். முதல் உலகப்போரில், 1917இல், ஒரே மகன் ரெவியர் களத்தில் மாண்டான். அத்துயரிலிருந்து அவர் முழுமையாக மீளவில்லை. 1919 திசம்பர் 29ஆம் நாள் மறைந்தார்.

வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த ஏறத்தாழ 8,000 நூல்களை மெக்கிலுக்கே அவர் எழுதி வைத்திருந்தார். அந்நூல்களின் நடுவிலேயே அவருடைய அஸ்தியும் வைக்கப்பட்டுள்ளது.