தியோடோரா அலோன்சோ: தேசிய வீரருக்கு எழுத்தறிவித்த தாய்

பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரர் டாக்டர் ஹோசே ரிசாலை இந்த வட்டாரத்தில் பலர் அறிவார்கள். சிங்கப்பூர் ஆற்றோரத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. கண் மருத்துவர், நாவலாசிரியர், கவிஞர் எனப் பல பெருமைகள் அவருக்கு இருந்தாலும், அவர் கையைப் பிடித்து முதல் எழுத்தைக் கற்றுக் கொடுத்தவர் அவரைப் பெற்ற தாய் தியோடோரா அலோன்சோ அம்மையார்தான்.

தியோடோரா 1827-ஆம் ஆண்டு மணிலாவில் பிறந்தவர். பெண் பிள்ளைகளுக்கு அதிகம் படிப்பு எதற்கு என்று கருதப்பட்ட காலம் அது. ஆனாலும் அவர் மணிலாவின் சாந்தா ரோசா கல்லூரியில் படித்தார். ஸ்பானிய மொழியிலும் இலக்கியத்திலும் நல்ல தேர்ச்சி பெற்றார். 1848-இல் பிரான்சிஸ்கோ மெர்காடோவை மணந்து, லகுனா மாநிலத்தின் கலம்பா ஊரில் குடும்பம் நடத்தினார். பிள்ளைகள் 11 பேர். ஒன்பது பெண்கள், இரண்டு ஆண்கள். 1861-இல் பிறந்த ஹோசே ஏழாவது பிள்ளை.

சபைப் பாதிரியார்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பம் அது. தியோடோரா கடையைக் கவனித்தார். வீட்டுக் கணக்கு வழக்குகளைப் பார்த்தார். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் பிள்ளைகளின் படிப்பை அவர் விட்டுவிடவில்லை. ஹோசே மூன்று வயதிலேயே அம்மாவிடம் எழுத்துகளைக் கற்றுக் கொண்டார். பிறகு மகன் எழுதிய கவிதைகளைத் திருத்தியதும் அம்மாதான்.

ஓர் இரவு விளக்கடியில் அவர் மகனுக்கு ஸ்பானிய வாசிப்புப் புத்தகம் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். சிறுவனின் கண்ணோ விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகள் மீதே இருந்தது. அதைக் கவனித்த தாய், ஒரு கதையைப் படித்துக் காட்டினார். தாய்ப் பூச்சி எச்சரித்தும் கேளாமல் விளக்கை நெருங்கிய குட்டிப் பூச்சி கருகி விழுந்த கதை. கீழ்ப்படியாமல் போனால் என்ன ஆகும் என்பதே அவர் சொல்ல வந்த பாடம். மகனின் மனத்திலோ வெளிச்சத்திற்காக உயிரை விட்ட பூச்சிதான் தங்கியது. ரிசாலே பிற்காலத்தில் எழுதி வைத்த நினைவு இது.

1870-களின் தொடக்கத்தில் குடும்பத்தின் மேல் பெரிய இடி விழுந்தது. தம் சகோதரரின் மனைவிக்கு விஷம் கொடுக்க முயன்றார் என்று தியோடோரா மீது பொய்க் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. கலம்பாவிலிருந்து மாநிலத் தலைநகர் சாந்தா குரூஸ் வரை, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்தை அவர் நடந்தே கடக்க வைக்கப்பட்டார். சுமார் இரண்டரை ஆண்டுகள் சிறையில் கழிந்தன. மணிலாவில் படித்துக் கொண்டிருந்த மகன் விடுமுறையில் சிறைக்குச் சென்று, தான் வாங்கிய நல்ல மதிப்பெண்களைச் சொல்லி அம்மாவைத் தேற்றினார். கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

அந்த அனுபவம் அவர் மனத்தில் ஒரு பயத்தை விதைத்தது. 1877-இல் மகனை மேற்படிப்புக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது, வேண்டாம் என்று தடுத்தவர் அவரே. அதிகம் படித்தால் ஸ்பானியர்கள் அவன் தலையை வாங்கிவிடுவார்கள் என்று அஞ்சினார். எழுத்தறிவித்த கையே தடுத்தது; ஆனால் தந்தையும் மூத்த மகன் பாசியானோவும் படிப்பின் பக்கம் நின்றார்கள். 1882 மே மாதம் ஹோசே பெற்றோரிடம் சொல்லாமலேயே ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வழியில் அவர் பார்த்த முதல் வெளிநாட்டு நகரம் சிங்கப்பூர்.

தியோடோராவின் கண் பார்வை மங்கிக் கொண்டே வந்தது. மகன் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். மட்ரிட், பாரிஸ், ஹைடல்பெர்க் ஆகிய நகரங்களில் அவர் பயின்றார். அதே ஆண்டுகளில் ஸ்பானிய ஆட்சியின் கொடுமைகளைத் தம் நாவல்களில் எழுதினார். தாய் பயந்தது நடக்கத் தொடங்கியது.

இதற்கிடையே கலம்பாவில் குத்தகைப் பணத்தைக் கூட்டியதை எதிர்த்துக் குடியானவர்கள் வழக்குப் போட்டார்கள். 1890, 1891-ஆம் ஆண்டுகளில் படையினர் வந்து குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளையும் அழித்தனர். ரிசால் குடும்பமும் தெருவுக்கு வந்தது. அறுபது வயதைத் தாண்டிய தியோடோரா, அரசு விதித்த குடும்பப் பெயரைப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்திற்காக மறுபடியும் சாந்தா குரூஸ் வரை நடத்திக் கொண்டு போகப்பட்டார்.

1891 இறுதியில் குடும்பம் ஹாங்காங்கில் ஒன்று கூடியது. ஊரை இழந்து, அந்நிய மண்ணில் வாடகை வீட்டில் வாழ்ந்தாலும் அந்தச் சில மாதங்கள் அவர்களுக்கு நிம்மதியாக இருந்தன. மகன் அங்கே கண் மருத்துவம் பார்த்தார். அம்மாவின் கண்ணிலும் அறுவை சிகிச்சை செய்தார். எழுத்துச் சொல்லிக் கொடுத்த தாய் மறுபடியும் எழுதவும் படிக்கவும் முடிந்தது. நிலம் இழந்த கலம்பா மக்களை வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், குடியமர்த்த எண்ணி ரிசால் 1892-இல் சண்டாக்கான் வரை சென்று வந்தார். ஸ்பானிய அரசு சம்மதிக்காததால் அந்தத் திட்டம் கைகூடவில்லை.

அதே ஆண்டு நாடு திரும்பிய ரிசால், மிண்டனாவ் தீவின் டாப்பித்தானுக்கு நாடு கடத்தப்பட்டார். 1893-இல் தியோடோரா அங்கும் போய் மகனுடன் தங்கினார். அங்கே இன்னொரு கண்ணுக்கும் சிகிச்சை நடந்தது. கட்டை அவிழ்க்கக் கூடாது என்று மகன் சொல்லியும் கேளாமல் அவிழ்த்துவிட, கண்ணில் புண் ஏற்பட்டது. மருத்துவர் மகனுக்கே அடங்காத நோயாளி அம்மா!

1896-இல் புரட்சி வெடித்தது. ரிசால் மீது பழி விழுந்தது. ஸ்பெயினிலிருந்து கைதியாகத் திருப்பிக் கொண்டு வரப்பட்ட கப்பல் சிங்கப்பூரில் நின்றபோது, நண்பர்கள் இங்குள்ள நீதிமன்றத்தின் மூலம் அவரை மீட்க முயன்றார்கள். அது ஸ்பானிய அரசின் படைகளை ஏற்றி வந்த கப்பல் என்பதால் முயற்சி பலிக்கவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டதும், தியோடோரா ஆளுநருக்குக் கருணை மனு எழுதினார். பயனில்லை. டிசம்பர் 29-ஆம் தேதி சிறையில் மகனைக் கடைசியாகப் பார்த்தார். கட்டி அணைக்கக்கூடக் காவலர்கள் விடவில்லை. அந்தச் சந்திப்பின்போது குடும்பத்தாரிடம் ஒரு சிறிய ஸ்பிரிட் அடுப்பு கொடுக்கப்பட்டது. அதற்குள் ரிசாலின் கடைசிக் கவிதை மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலும் குடும்பத்திடம் ஒப்படைக்கப்படவில்லை.

அதன் பிறகு தியோடோரா ஏறக்குறைய 15 ஆண்டுகள் வாழ்ந்தார். 1898 தொடக்கத்தில் கணவரையும் இழந்தார். பிற்பாடு அமெரிக்க ஆட்சிக் காலத்தில் அவருக்கு ஓய்வூதியம் வழங்க முன்வந்தார்கள். தம் குடும்பம் பணத்திற்காக நாட்டை நேசிக்கவில்லை என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அரசிடம் பணம் மிச்சமிருந்தால் மக்களின் வரியைக் குறைக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் பிலிப்பைன்ஸ் மக்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

1911 ஆகஸ்ட் 16-ஆம் தேதி மணிலாவில் அவர் காலமானார். படிப்பு மகனின் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சிய தாய்தான் அந்தப் படிப்பின் முதல் எழுத்தையும் கொடுத்தவர். எந்தப் பள்ளியிலும் அவர் சம்பளத்திற்கு வேலை பார்த்ததில்லை. ஆனால் இன்று மணிலாவில் ஓர் உயர்நிலைப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.